உன் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

கண்ணு வசந்தா,

நீ இருக்கும் இடத்தில் தபால் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன். கம்பெனி பஸ்ஸில் பதினொரு வருஷம் உன் காதோரம் பேசியே பழகிவிட்டேன். இப்போது ஜன்னலோரம் ஒரு புதுப் பெண் உட்கார்ந்து செங்கல்பட்டிலிருந்து மறைமலைநகர் வரை தூங்கிக்கொண்டே வருகிறாள். அவளிடம் என்ன பேசுவது?

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இந்த ஒன்பது மாதத்தில் உன்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டது, நீ இருந்த பதினொரு வருஷத்தில் தெரிந்துகொண்டதைவிட அதிகம். அதில் எனக்குக் கோபமும் இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சந்தேகப்படுவது என் தொழில் என்று நீயே கேலி செய்வாய். ரப்பர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து, எங்கே குமிழி, எங்கே பிசிறு என்று எட்டு மணி நேரம் தேடுகிறவள் நான். நான் ஒதுக்கியதை நீ பக்கத்து மேசையில் எண்ணிப் பெட்டியில் போடுவாய். "ஏன்க்கா, மனுசங்களையும் இப்படித்தான் தூக்கிப் புடிச்சிப் பாப்பியா?" என்று கேட்பாய். ஆமாம், பார்ப்பேன். உன்னை மட்டும்தான் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

நீ போன மூன்றாவது வாரம் தாஸ் என் வீட்டுக்கு வந்தார். உன் புருஷன் கூப்பிடாமல் வருகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். நாற்காலியில் உட்காரவும் இல்லை. உன் போனை என் கையில் வைத்துவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீதானக்கா அவகூட பஸ்ல வருவ. யாரு இந்த ராஜா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரையைப் பார்த்தேன். வரிசையாக அறிவிப்புகள். 'ராஜா உங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்.' 'ராஜா உங்கள் பெட்டியில் ஒரு பரிசு வைத்துள்ளார்.' காலையில் ஒன்று, மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று. நீ ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் இருந்தது. உன்னை அடக்கம் செய்த அன்றும் இருந்தது. தாஸ் என் வீட்டுக்கு வந்த அன்று காலையில் வந்ததும்கூட இருந்தது.

ஏதோ போன் விளையாட்டு, முகம் தெரியாதவர்கள் ஆயிரம் பேர் ஆடுவார்கள் என்றேன். தாஸ் தலையை ஆட்டினார். நம்பவில்லை. இரண்டு வருஷமாக அந்த ஒரே பெயர்தான் வருகிறது என்றார். உட்கார்ந்து பின்னோக்கித் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் விடவில்லையாம்.

"எனக்குத் தெரியாம ஒரு ஆளு தினமும் வந்துகினு போய்கினு கீறான். உனக்குத் தெரியாம இருக்குமா?"

தெரியாது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். நானும் உனக்குக் கூட்டு என்று நினைத்துவிட்டார். மறுநாள் உன் பெண் ஜெனிக்குத் துணி கொண்டுபோனபோது உங்கள் முன்னறையில் உன் படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. அவள் என்னிடம், அப்பா சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறாராம் என்றாள். பதினாலு வயசு. அவளும் அதை நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

அதனால்தான் அந்த விளையாட்டுக்குள் போனேன். வேறு ஆசை எதுவும் இல்லை. அந்த ராஜாவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தாஸ் என்னிடம் விட்டுப்போன உன் போனில் கை வைக்கப் பயமாக இருந்தது. எதையாவது அழித்துவிட்டால்? முதலில் என் போனில் இறக்கி, ஒரு வாரம் பழகிக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். நாற்பத்தெட்டு வயசில் ஒருத்தி காலை பஸ்ஸில் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு மண் கொத்துவதைப் பார்த்து டிரைவர் கண்ணாடியில் சிரித்தார்.

வசந்தா, நீ இதை எப்படி நம்பினாய்? ஒரு பஸ் வருகிறது. நான் இறங்குகிறேன். தொப்பி போட்ட ஊர்த்தலைவர் ஒருவர் கைகூப்பி வரவேற்று, இந்த நிலம் இனி உன்னுடையது என்கிறார். பட்டா கேட்கவில்லை. அளவுக்கல் எங்கே என்று காட்டவில்லை. பக்கத்து நிலத்துக்காரன் வந்து வரப்பைப் பற்றிச் சண்டை போடவில்லை. எங்கே பிசிறு, எங்கே பிசிறு என்று திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன்.

என் அம்மாவும் அப்பாவும் செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். ஒரு சென்ட் மண் அவர்கள் பேரில் இருந்ததில்லை. தாஸின் அப்பாவும் அப்படித்தான். நீ மட்டும் நிலம் வைத்திருந்த தெருவிலிருந்து வந்தவள். உனக்கு அந்தத் தலைவரின் தாராளம் இயல்பாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு அவர் சிரிக்கும்போதெல்லாம், இந்த ஆள் பின்னால் என்ன கேட்கப் போகிறான் என்றே இருந்தது.

ஊருக்குள் போனேன். எந்த வீட்டுக் கதவையும் தள்ளினால் திறந்துகொள்கிறது. தலைவர் வீட்டு அடுப்படி வரைக்கும் போய் நின்றேன். யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. என் அம்மா வாழ்நாள் பூராவும் வேலை செய்த நிலக்காரர் வீட்டின் அடுப்படி எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது. கொல்லைப்பக்கம் வந்து கூலி வாங்கிப் போவாள். நான் அந்த பொம்மை அடுப்படியில் பஸ் ராட்டிணங்கிணறு நிறுத்தம் தாண்டும் வரை சும்மா நின்றிருந்தேன்.

பார்க்கிற பேரெல்லாம் வணக்கம் சொல்கிறார்கள். ஒரு கிழவர் மீன் தருகிறார், ஒரு பெண் பூசணிக் கூழ் தருகிறாள். எந்த ஊரில் புதிதாக வந்தவளைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பொண்ணு, எந்தப் பக்கம் என்று கேட்காமல் விட்டிருக்கிறார்கள்? இங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

முதல் நாளே மண்வெட்டியை வீசி வீசித் தெம்பு தீர்ந்து மயங்கி விழுந்தேன். கண் விழித்தால் கட்டிலில் கிடக்கிறேன். யாரோ தூக்கிவந்து படுக்க வைத்தார்கள் என்று ஒரு சீட்டு. யார் என்று எழுதவில்லை. உள்ளே வரும்போது கதவைத் தட்டினார்களா? இதையெல்லாம் நான் யோசித்தேன் என்று சொன்னால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

ஆனால் முள்ளங்கி வந்தது, வசந்தா. ஒன்பது குழியில் விதை போட்டேன், நாலாம் நாள் ஒன்பதும் வந்தன. மதியச் சாப்பாட்டுக்கு கேன்டீனில் உட்கார்ந்து அவற்றைப் பிடுங்கினேன். என் நிலம், என் விதை, என் முள்ளங்கி. பொய் என்று தெரியும். தெரிந்தும் ஒன்பதையும் இரண்டு தடவை எண்ணினேன். அப்போதுதான், நீ சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என்ன செய்வாய் என்று எனக்குப் புரிந்தது. ஜெனியின் பாடம் பார்க்கிறேன் என்று சொல்வாயே. ஏன் பொய் சொன்னாய்?

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், உன் போனை எடுத்துத் திறந்தேன்.

உன் வீட்டில் உன் பொம்மை கட்டிலில் படுத்திருந்தது. மஞ்சள் சேலை, ஒற்றைப் பின்னல். எழுந்து வெளியே வந்தது. என் ஒன்பது குழியோடு ஒப்பிட்டால் அது ஒரு ராஜ்ஜியம். நீ கள்ளக்கா என்பாயே, அந்த வேர்க்கடலை, பூசணி, கரும்பு. எல்லாக் குழியும் ஈரம். தொழுவத்தில் மாடு. தோட்டத்தின் நடுவே ஒரு ஆள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தான். மீசை வைத்த பொம்மை. தலைக்கு மேல் 'ராஜா' என்று எழுதியிருந்தது.

அவன் குடத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். நானும் நின்றேன். அந்த விளையாட்டில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள வழியில்லை, 'வணக்கம்', 'நன்றி', 'நாளை வருகிறேன்' என்று அவர்களே எழுதிவைத்த நாலைந்து வாசகங்களில் ஒன்றைத் தட்டலாம், அவ்வளவுதான். நான் 'வணக்கம்' தட்டினேன். அவன் ஓடிவிட்டான். வேலிக்கு வெளியே போய் மறைந்துவிட்டான்.

ஒளிந்து ஓடுகிறவன் நல்லவனாக இருக்க முடியாது என்று நினைத்தேன். உன்மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. மறைக்க மாட்டேன். பஸ்ஸில் நீ சிரித்த சிரிப்பெல்லாம் யாருக்காகச் சிரித்தது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உன் படத்தை இறக்கிவைத்த தாஸைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் ஒரு பலகை இருக்கிறது, பார்த்திருப்பாய். தோட்டத்தின் பெயரை எழுதுவதற்கு. பன்னிரண்டு எழுத்துதான் பிடிக்கும். உன் பலகை காலி. அவனுடையதைப் போய்ப் பார்த்தேன், அதுவும் காலி. உன் பலகையில் எழுதினேன்: 'நீங்கள் யார்'.

மறுநாள் அவன் பலகையில் 'நீ யாரு' என்று இருந்தது.

'வசந்தா இல்லை' என்று எழுதினேன்.

'தெரியும்' என்று பதில் வந்தது.

வளையங்களை எடுத்து எடுத்து வைக்கிறேன், கண் ஒன்றையும் பார்க்கவில்லை. நீ செத்துப்போனது அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் வருகிறான். 'எப்படி' என்று எழுதினேன். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும் ஊற்றியிருந்தது. மூன்றாம் நாள் சாப்பாட்டு மணி அடித்தபோது திறந்து பார்த்தேன்.

'அவ அண்ணன்'.

உன் அண்ணன் குமரேசன். இந்தப் பெயரை நீ என்னிடம் மொத்தமே இரண்டு தடவை சொல்லியிருப்பாய். நீ தாஸைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வருஷம், இன்னும் இரண்டு பேரோடு வந்து பஸ் நிறுத்தத்தில் தாஸை மடக்கி, இடது மணிக்கட்டை உடைத்தவர். போலீசுக்குப் போகாதே என்று நீ தாஸின் காலைப் பிடித்து அழுததை நீயே சொன்னாய். எங்க வூட்ல எனக்குக் கருமாதி பண்ணிட்டாங்கக்கா என்றும் சொன்னாய். நீ போன அன்று தாஸ் ஒரு சொந்தக்காரர் மூலம் சேதி சொல்லியனுப்பியும் அங்கிருந்து ஒரு ஆள் வரவில்லை.

அந்த ஆளா உன் பூசணிக்குத் தண்ணீர் ஊற்றினார்? நம்பவில்லை நான். யாரோ பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறான் என்று பட்டது. நேரில் வா என்று எழுதினேன். 'முட்டுக்காடு' என்றார். அடுத்த பலகையில் 'ஞாயிறு 11'.

தாஸிடம் சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாமல் சொல்வதற்கு அது சின்ன விஷயம் இல்லை. போனேன். கோவளம் பக்கமிருந்து காற்று மணலை வாரி அடித்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம், மீன்பிடிப் படகுகளை இழுத்துப் போட்டிருக்கும் இடத்தில் ஒருவர் எஞ்சினைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகு எஞ்சின் மெக்கானிக்காம். கையெல்லாம் கருப்பு எண்ணெய். நிமிர்ந்ததும் சந்தேகம் போய்விட்டது, வசந்தா. உன் முகவாய், உன் புருவம். மீசையை எடுத்துவிட்டால் நீதான்.

நான் யார் என்று சொன்னேன். எந்த ஊர், யார் பெண் என்று அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். செய்யூர்ப் பக்கம், எந்தத் தெரு என்பது வரைக்கும் சொன்னேன். முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெட்டிக்கடையிலிருந்து இரண்டு டீ வாங்கிவந்தார். கொடுக்கும்போது அவர் விரல் என் விரலில் படாமல் விலகுகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்தேன். விலகவில்லை. அதனால் என்ன? ஒரு டீயை வைத்து ஒரு ஆளை எடைபோட முடியுமா?

அவர் சொன்னதைச் சொல்கிறேன். வேலை இல்லாத நேரத்தில் பொழுதுபோக்காக அந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாராம். ஒரு நாள், உங்களுக்குத் தெரிந்தவர் இவரும் விளையாடுகிறார் என்று அது ஒரு பெயரைக் காட்டியதாம். போனில் இருக்கும் எண்களைப் பார்த்து அதுவே காட்டுமாம். உன் நம்பரை அவர் அழிக்கவில்லை. அவர் நம்பரை நீ அழிக்கவில்லை. நீதான் முதலில் பக்கத்துத் தோட்டமாகச் சேரட்டுமா என்று கேட்டு அனுப்பினாயாம்.

அவர் பெயர் ராஜா என்று வைத்திருந்ததை நீ பார்த்திருப்பாய். சின்ன வயசில் நீ அவரை அப்படித்தான் கூப்பிடுவாயாமே. இதை எனக்குச் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

"ரெண்டு வருசம்மா. ஒரு வார்த்த பேசிக்கல. நான் போய் தண்ணி ஊத்துவேன், அவ வந்து ஊத்துவா. பொட்டியில கள்ளக்கா வெப்பா. அவ்ளோதான்."

ஏன் அந்தப் பலகையில் எழுதவில்லை என்று கேட்டேன். என்னவென்று எழுதுவது என்றார். மன்னித்துவிடு என்று எழுதியிருக்கலாமே என்றேன்.

"பன்னெண்டு எழுத்துதானம்மா புடிக்குது."

'மன்னிச்சிடு' ஆறு எழுத்துதான். அங்கேயே விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததுதான், மறுபடி துடைத்தார்.

நீ செத்த சேதி மூன்றாம் நாள்தான் தனக்குத் தெரிந்தது என்றும், செங்கல்பட்டு பஸ் நிலையம் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டதாகவும் சொன்னார். நம்பலாமா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நீ இல்லை என்று தெரிந்த பிறகும் ஏன் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். நிறுத்தினால் முடிந்துவிட்டது என்று ஆகிவிடுமே என்றார். அன்றைக்கு உன் பொம்மை கட்டிலிலிருந்து எழுந்து வெளியே வந்து வணக்கம் சொன்னதும் போனைக் கீழே போட்டுவிட்டாராம். பிறகு, தாஸ்தான் உன் போனை வைத்துக்கொண்டு தன்னைப் பொறி வைத்துப் பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தாராம். நான் அவரைச் சந்தேகப்பட்ட அந்த ஒரு வாரமும் அவர் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "அவ பொண்ணு அவள மாதிரி கீறாளா?"

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. சொன்னால் உன் பேர் சுத்தமாகும். ஆனால் தாஸின் கையை உடைத்தவனோடு நீ அவருக்குத் தெரியாமல் இரண்டு வருஷம் உறவு வைத்திருந்தாய் என்றும் ஆகும். சொல்லாமல் விட்டால் உன் படம் அலமாரிக்குள்ளேயே கிடக்கும். நீ இருந்தால் எதைச் செய்யச் சொல்லியிருப்பாய்? இரண்டு வருஷம் என்னிடம் மறைத்தவளிடம் கேட்டு என்ன பிரயோஜனம் என்று எரிச்சலும் வந்தது.

நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். ஜெனி மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். தாஸ் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒன்றையும் விடாமல் சொன்னேன், டீ உட்பட. அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசி சட்டையையும் மடித்து மேலே வைத்துவிட்டு, இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வேற எவனாவது இருந்திருந்தாக்கூடப் பரவால்லக்கா."

அந்த மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

"மழக்காலத்துல இந்தக் கை வலிக்கும். எண்ணெய காய்ச்சித் தேய்ச்சி வுடுவா. தேய்ச்சிகினே இருப்பா, போதும்னாலும் வுட மாட்டா. அந்தக் கையாலதான அவனுக்குக் கள்ளக்கா வெச்சா?"

அந்தக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருந்ததா? ஒரு கையால் ஒருவருக்கு மருந்து தேய்த்துக்கொண்டு, அவரைக் காயப்படுத்தியவனுக்கு அதே கையால் பரிசு வைக்கும்போது உனக்கு என்னவாக இருந்தது? பயமாக இருந்ததா, நிம்மதியாக இருந்ததா? என்னிடம் சொன்னால் நான் திட்டுவேன் என்றுதானே மறைத்தாய்? திட்டித்தான் இருப்பேன், வசந்தா. அதற்காகச் சொல்லாமல் விடுவதா?

இரண்டு வாரம் தாஸ் என்னோடு பேசவில்லை. பிறகு ஜெனிதான் வந்து சொன்னாள், அப்பா அம்மா படத்தை மாட்டிவிட்டார், சுவருக்கு வெள்ளையடிக்கவே இல்லை என்று. அவளிடம் விஷயத்தை அவரே சொல்லியிருக்கிறார். கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறார் என்று அவள் கேட்ட கேள்விகளிலிருந்து தெரிந்தது.

நான் அந்த விளையாட்டை விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆடுகிறேன். தொப்பித் தலைவர் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அவரை நம்புவதாக இல்லை. இப்போது எனக்கு நாற்பது குழி. உன் போனைத் தாஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் அவர் என்ன செய்கிறார் என்று நான் விசாரிப்பதில்லை.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பு கேன்டீன் வாசலில் எனக்குப் போன் வந்தது. தாஸ்தான். வேறு பேச்சு எதுவும் இல்லை.

"அவன் வர்றதுனா வரட்டும். வூட்டுக்கு வேணாம். கல்லறைக்கு வரட்டும். எங்கிட்ட பேச வேணாம்னு சொல்லு."

உன் அண்ணனிடம் சொன்னேன். வந்தார். காலை பத்து மணி இருக்கும். முந்தின நாள் மழை பெய்து, அன்று வெயில் சுளீரென்று அடித்தது. நாங்கள் உன் கல்லைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். அவர் உள்ளே வராமல் வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். வெள்ளைச் சட்டை. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார், நகக்கண்ணில் மட்டும் கருப்பு.

ஜெனி அவரைப் பார்த்தாள். தாஸை ஒரு தடவை பார்த்துவிட்டு, நேராகக் கேட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"எங்க அப்பா கைய ஒடச்சது நீங்கதான?"

"ஆமாம்மா."

"எந்தக் கைன்னு ஞாபகம் கீதா?"

"இடது கை."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் ஜாடையைத் தேடினாளோ என்னவோ. அப்புறம் திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். உன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, வியர்வையைத் துடைத்துக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. நான் உறுதியாகப் பார்த்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

ஜெபம் முடிந்தது. அவர் இன்னும் அங்கேயேதான் நின்றார். தாஸ் அந்தப் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னார்.

"வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லுக்கா."

போய்ச் சொன்னேன். உன் அண்ணன் என்னைப் பார்த்தார். "போவச் சொல்றாரா, வரச் சொல்றாரா?"

தெரியாது என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய்யுங்கள் என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உன் கல்லறைக்கு நாலு கல்லறை தள்ளி ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் நிழலில் நின்றார். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. தாஸும் போகச் சொல்லவில்லை. நாங்கள் கிளம்பும்வரை நாலு பேரும் அப்படியே நின்றோம்.

அவ்வளவுதான் நடந்தது. இது நல்லதாக முடிந்ததா என்று என்னைக் கேட்காதே. எனக்கு அவர்மேல் இன்னும் முழு நம்பிக்கை இல்லை. நீ அவரை மன்னித்துவிட்டாயா, இல்லை அண்ணன் வேண்டும் என்ற ஏக்கத்தில் மன்னிப்பை ஒத்திவைத்துவிட்டு உறவை மட்டும் எடுத்துக்கொண்டாயா? இந்தக் கேள்வியை நான் இனி உன்னிடம் கேட்கவும் முடியாது, விடவும் முடியாது.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். ஜெனி வளர வளர இதைப் பற்றி என்னிடம்தான் கேட்பாள். அவள் மாமாவை நல்லவராகவும் ஆக்க மாட்டேன், கெட்டவராகவும் ஆக்க மாட்டேன். கை உடைந்ததையும் சொல்வேன், தண்ணீர் ஊற்றியதையும் சொல்வேன். உன்னைப் பற்றிக் கேட்டால், உங்கம்மா எனக்கும் உங்கப்பாவுக்கும் பொய் சொன்னாள், அப்படியும் அவளைவிட நெருக்கமான ஆள் எங்களுக்கு யாரும் இல்லை என்று சொல்வேன். முடிவை அவளே எடுத்துக்கொள்ளட்டும்.

கோபம் தீராமல், ஆசையும் தீராமல்,
உன் கூடப் பிறக்காத அக்கா
கஸ்தூரி